செல்லக்கனியின் குரலுக்கு மூன்று பிரதிகள்

நான் ஓய்வு பெற்று ஏழு வருடங்களாகின்றன. இன்றும் வாரத்துக்கு ஒருவராவது என்னைப் பிடித்து நிறுத்தி, "மாமி, குழந்தைகள் போட்டோவெல்லாம் எதுல போட்டு வெச்சா நாள்பட இருக்கும்? ஹார்ட் டிஸ்கா, பென் டிரைவா, சிடியா?" என்று கேட்காமல் விடுவதில்லை. செம்பூரில் எங்கள் சொசைட்டி லிஃப்டுக்குள்கூட இந்த விசாரணை நடக்கிறது. கல்யாண வீட்டில் டாக்டரைப் பார்த்தால் நாக்கை நீட்டிக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்களே, அந்த ரகம். "எல்லாம் கிளவுடில் இருக்கு" என்று அலட்டிக்கொள்ளும் பேர்வழிகளும் ஒருநாள் வந்து சேருகிறார்கள், பாஸ்வேர்டை மறந்த பிறகு.

போன மாதம் பிரியா போன் செய்தாள். முன்பு நான் உட்கார்ந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள். தாராவியில் பிறந்து வளர்ந்த பெண்.

"மேடம், நம்ம டேப் ரூமை எடுத்துட்டாங்க. அங்க மீட்டிங் ரூம் வருது. புதுசா சேர்ந்தவங்களுக்கு உங்க எக்ஸ்பீரியன்ஸ் ஏதாச்சும் எழுதிக் குடுங்களேன். உங்க பெஸ்ட் கேஸ்."

"தமிழ்ல எழுதினா வாசிப்பியா?"

"எழுத்துக் கூட்டி வாசிப்பேன். வரலைன்னா அம்மா வாசிச்சுச் சொல்லுவாங்க. ஆப் லிகோ நா, நீங்க எழுதுங்க மேடம்!"

சிறந்த கேஸ் வேண்டுமாம். எனக்கு அப்படி ஒன்றும் தோன்றவில்லை. நான் கோட்டை விட்ட கேஸ் ஒன்று மட்டும் தேதி கிழமையோடு மனதில் நிற்கிறது. ஒரு பெண்ணின் குரலைப் பத்திரப்படுத்தி வைக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. மூன்று பிரதி எடுத்தேன். மூன்றும் ஒரே பண்டிகையில் போயின. அதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். மாட்டுங்காவில் பள்ளிக்கூடம், கல்லூரி. டைப்ரைட்டிங் படித்துவிட்டு, டிராம்பே பக்கத்தில் ஓர் உரத் தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் பிரிவில் சேர்ந்தேன். ஆறு மாதம் பயிற்சி. அதில் நான் கற்றது, ஏசி அறையில் இரண்டு ஸ்வெட்டர் போட வேண்டும் என்பதும், டீயை எங்கே வைக்கக் கூடாது என்பதும். பிறகு டேப் ரூமைக் கொடுத்தார்கள். தொழிற்சாலையின் சம்பளப் பட்டியல் முதல் சரக்கு விவரம்வரை எல்லாவற்றுக்கும் காந்த நாடாவில் பிரதி எடுத்து, நம்பர் போட்டு, அடுக்கி, கேட்டால் எடுத்துக் கொடுக்கும் வேலை. முப்பத்து மூன்று வருடம் அதையே செய்தேன். நாடா சாப்பாட்டுத் தட்டு அளவிலிருந்து சோப்புப் பெட்டி அளவுக்குச் சுருங்கியது. நான் மட்டும் அதற்கு எதிர்த்திசையில் போனேன்.

என் மேலதிகாரி பாட்கர் சார். ஒல்லியான மராட்டியர். ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. தப்பு நடந்தால் மேஜையிலிருக்கும் கண்ணாடி டம்ளரை எடுத்து, தண்ணீரை வாய் வாயாகக் குடிப்பார். அந்த டம்ளர் காலியாகும்வரை நாம் எதிரே நிற்க வேண்டும். அதற்கு இரண்டு அறை வாங்கிக்கொண்டு போய்விடலாம்.

வெள்ளிக்கிழமை தோறும் மூன்று மணிக்கு ஒரு சடங்கு நடக்கும். டேப் ரிஜிஸ்டரைக் கொண்டுபோய் அவர் முன்னால் விரிப்பேன். கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒரு பக்கத்தைத் திருப்பி, ஏதோ ஒரு வரியில் விரலை வைப்பார். அந்த டேப்பை நான் எடுத்து வர வேண்டும். உடனே மெஷினில் போட முடியாது. அலமாரியிலிருந்து எடுத்த நாடா அறையின் குளிருக்குப் பழகட்டும் என்று அரை மணி காத்திருக்க வேண்டும். பிறகு மெஷினின் தலைப்பகுதியைப் பஞ்சால் துடைத்து, நாடாவைப் போட்டு முழுவதும் படிக்க வைத்து, அதிலிருந்து ஒரு பக்கம் அச்சடித்துக் கொடுக்க வேண்டும். அவர் பிரதி எடுத்த அன்றே அச்சடித்து வைத்த பழைய காகிதத்தையும் இந்தப் புதிய காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கட்டைவிரலை வரி வரியாக நகர்த்திப் பார்ப்பார். கடைசியில் ஒரே கேள்வி.

"வாபஸ் ஆயா க்யா?"

திரும்பி வந்ததா என்று அர்த்தம். பிரதி எடுத்தாயா என்று அவர் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. எடுத்து வைத்ததை அவர் ஒரு பொருட்டாகவே நினைக்க மாட்டார், திரும்பி வந்தால்தான் கையெழுத்து. மற்ற பிரிவுகளில் இருப்பவர்கள் எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரித்தவர்களில் ஒருவர் ஒரு மழைக்காலத்தில் இரண்டு வருட விவரத்தைப் பறிகொடுத்துவிட்டு எங்கள் வாசலில் வந்து நின்றார். பாட்கர் சார் அவருக்குத் தண்ணீர் கொடுத்தார். அன்றைக்கு சார் குடிக்கவில்லை.

எங்கள் அறைக்கு உதவியாளராக இருந்தவர் இசக்கிமுத்து. ஊர் திருநெல்வேலிக்குத் தெற்கே, வீடு தாராவி. சனிக்கிழமைகளில் அந்த வாரப் பிரதி ஒன்றை வேறு கட்டிடத்துக்குக் கொண்டுபோவது அவர் வேலை. ஒரே கூரைக்குக் கீழே எல்லாப் பிரதிகளும் இருக்கக் கூடாது என்பது பாட்கர் சாரின் சட்டம். தீப்பிடித்தால்? தண்ணீர் புகுந்தால்? இசக்கி டேப் பெட்டியை கம்பெனி பஸ்ஸில் கீழே வைக்க மாட்டார். மடியில் துண்டை விரித்து, பச்சைப் பிள்ளையை வைத்திருக்கிற மாதிரி வைத்துக்கொண்டு போவார். ஒரு பிரதி அவர் கையில் கெட்டதில்லை.

அவருக்கு ஒரு விஷயத்தில் மட்டும் வருத்தம். வேலைக்கு வரும்போது நெற்றி நிறைய விபூதி பூசி வருவார். டேப் ரூமுக்குள் தூசி கூடாது என்று பாட்கர் சார் கழுவச் சொல்லிவிடுவார். எங்கள் பவுடர், மல்லிகைப்பூ எல்லாமும் வெளியேதான். ஆனால் ஆயுத பூஜை வந்தால் இசக்கியின் ராஜ்யம். "மெஷினு, டேப்பு ரெண்டுக்கும் சந்தனம் வைக்காம எப்பிடி மேடம்? சோறு போடுத சாமில்லா" என்று நிற்பார். பாட்கர் சாரும் தசராவன்று கருவிகளுக்குப் பூ வைக்கிற வீட்டில் பிறந்தவர்தான். தடுக்கவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கோரா டேப் தே தோ உஸ்கோ" என்றார்.

எதுவும் எழுதாத புது டேப் ஒன்றை எடுத்து, மேலே நம்பர் ஒட்டி, இசக்கியிடம் கொடுத்தேன். அறைக்கு வெளியே பலகை போட்டு, டேப்புக்குச் சந்தனம், குங்குமம், செண்டுமல்லி மாலை, பொரிகடலை, சூடம். மறுநாள் அந்த டேப்பை நான் வாங்கி, ரகசியமாக அலமாரியின் அடித்தட்டில் போட்டுவிடுவேன். வருஷா வருஷம் இதே நாடகம். இசக்கி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்: "நாம சந்தனம் வச்ச டேப்பு ஒண்ணுகூட இதுவரைக்கும் கெட்டதில்ல, தெரியும்லா?" எப்படிக் கெடும்? அதை யாரும் படித்துப் பார்த்ததே இல்லையே! சொல்லிவிடலாமா என்று நினைப்பேன். அந்த மனுஷரின் முகத்தைப் பார்த்தால் வாய் வராது. சொல்லாமலே இருந்துவிட்டேன்.

இசக்கியின் மனைவி செல்லக்கனி. தாராவியில் முறுக்குச் சுற்றும் இடத்தில் வேலை. நல்ல உயரம், அதைவிடப் பெரிய தொண்டை. அவள் ஒரு முனையில் பேசினால் சந்தின் மறுமுனையில் பதில் வரும். முக்கியமாகக் குலவை. அவர்கள் பக்கத்தில் தாலி கட்டும்போது பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குலவையிடுவார்கள். அந்தச் சந்தில் எந்தக் கல்யாணமானாலும் செல்லக்கனிதான் ஆரம்பிப்பாள், மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். ஒருமுறை நான் கேட்டேன். மேளம் அடிக்கிறவர் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. குரல்வளையையே எடுத்தாக வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். உயிருக்குப் பயமில்லை, ஆனால் பேச்சு போய்விடும். இசக்கி டேப் ரூமில் வந்து உட்கார்ந்து அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். எனக்கு ஆறுதல் சொல்ல வரவில்லை, வேலைதான் வந்தது.

"ஞாயித்துக்கெழமை அவளைக் கூட்டிண்டு என் ஆத்துக்கு வாங்கோ. குரலைப் பதிவு பண்ணி வெச்சுடலாம்."

வந்தார்கள். கூடவே எட்டாவது படித்துக்கொண்டிருந்த மகள் செல்வியும், சந்துப் பெண்கள் நாலு பேரும். என் லேப்டாப்பில் ஒரு நல்ல மைக்கைப் பொருத்தினேன். ஃபேனை நிறுத்தினேன். செல்லக்கனி மைக்கைப் பார்த்து முதலில் வெட்கப்பட்டாள். அப்புறம் அவளை நிறுத்த முடியவில்லை.

"என்னத்தக்கா பேசணும்?"

"தினம் என்ன பேசுவியோ அதைப் பேசு."

"அப்போ இவியள ஏசுததுதான்" என்று புருஷனைக் காட்டினாள்.

ஏசினாள். மகளைச் சாப்பிடக் கூப்பிட்டாள். மீன்காரியிடம் பேரம் பேசினாள். பிறக்காத பேரப்பிள்ளைக்கு ஆராரோ பாடினாள், அதில் மட்டும் நடுவில் குரல் தழுதழுத்தது. மொத்தம் பதினாலு பதிவு. கடைசியாகக் குலவை. செல்வி, "எம்மா, என் கல்யாணத்துக்குப் போடணும், நல்லாப் போடு" என்றாள். ஒருத்தி ஆரம்பித்த குலவையை வாங்கிச் சேர்ந்துகொள்ள ஆள் வேண்டும். அதற்குத்தான் அந்த நாலு பெண்கள். அவர்கள் என் வீட்டு சோபாவையும் என்னையும் பார்த்துக் கூச்சப்பட்டுக்கொண்டு நின்றார்கள். செல்லக்கனி அவர்களை ஒரு வசவு வைதுவிட்டு, தானே ஆரம்பித்தாள். கீழ்வீட்டுக்காரர் என்ன விசேஷம் என்று கேட்டுக்கொண்டு மாடி ஏறி வந்துவிட்டார்.

இனி எதில் வைப்பது என்ற கேள்வி. பிரியா, இந்த இடத்தை இரண்டு முறை வாசி. ஒரே சாதனத்தை நம்பக் கூடாது என்பதால் மூன்று வகையில் வைத்தேன். ஒன்று ஹார்ட் டிஸ்க். கீழே போடாமல், வருடத்துக்கு ஒருதடவையாவது ஓட விட்டால் பல வருடம் உழைக்கும். இரண்டாவது சிடி. நல்ல தயாரிப்பாகப் பார்த்து வாங்கி, மெதுவான வேகத்தில் எழுதினேன். வெயிலும் ஈரமும் படாமல் இருக்க வேண்டும். நம்மூர் மழைக்காலத்தில் சிடியில் பூஞ்சை பிடிக்கும் என்பதால், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு எவர்சில்வர் டப்பாவில் போட்டேன். மூன்றாவது பென் டிரைவ். அதைக் கொண்டுபோகக் கொண்டுவரத்தான் வைத்துக்கொள்ள வேண்டும், வருடக்கணக்கில் சும்மா கிடந்தால் உள்ளே இருப்பது தானாகவே மங்கிப் போகலாம். அதை நானே நாலு பேருக்குச் சொல்லியிருக்கிறேன். இருந்தாலும் உபரிதானே என்று எடுத்தேன்.

மூன்றையும் மூன்று இடத்தில் வைத்தோம். ஹார்ட் டிஸ்க் தாராவியில் இசக்கி வீட்டு பீரோவில். பென் டிரைவ் செல்லக்கனியின் தம்பி வேலை பார்க்கும் கிங்ஸ் சர்க்கிள் காப்பித்தூள் கடை அலமாரியில். சிடி என்னிடம் செம்பூரில். பாட்கர் சார் பார்த்திருந்தால் மெச்சியிருப்பார். அந்தப் பெருமையில் லேப்டாப்பிலிருந்த மூலத்தை அழித்துவிட்டேன்.

சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. செல்லக்கனி முறுக்குச் சுற்றப் போனாள். பேச்சுக்குப் பதில் கைதட்டு. ஒருமுறை தட்டினால் இசக்கி, இரண்டு முறை செல்வி, படபடவென்று தட்டினால் வீட்டில் யாரோ தப்பு செய்திருக்கிறார்கள். உதடசைவை வைத்தே மொத்தச் சந்தும் அவள் பேச்சைப் படித்துக்கொண்டது. ஒன்றுதான் மாறியது. அவள் எதிரே குலவையிட்டால் அவளுக்கு மனசு கஷ்டமாயிருக்கும் என்று பெண்கள் யாரும் ஆரம்பிக்கவில்லை. தாலி கட்டும்போது மேளம் மட்டும் ஒலித்தது. அவளிடம் யாரும் இதைப் பற்றிப் பேசவில்லை. அவளுக்குத் தெரியாமலா இருக்கும்?

வருடங்கள் ஓடின. நானும் ஓய்வு பெற்றேன், இசக்கியும் ஓய்வு பெற்றார். போன வருடம் செல்விக்கு மாப்பிள்ளை அமைந்தது. தை மாதக் கல்யாணம். அவள் போட்ட ஒரே நிபந்தனை, தாலி ஏறும்போது அம்மாவின் குலவை ஒலிபெருக்கியில் கேட்க வேண்டும்.

ஆயுத பூஜைக்கு முதல்நாள் இசக்கி செம்பூருக்கு வந்தார். கையில் பூசணிக்காய்.

"மேடம், அந்த சிடியை ஒரு நாளைக்குக் குடுங்க. கல்யாண வருசம்லா. கனி கொரலு மூணையும் சேத்து வச்சுப் பூசை போடணும்னு நெனைக்கேன். ஆபீஸ் டேப்பெல்லாம் எப்பிடி நின்னுச்சு, பாத்தியள்லா?"

என் மூளையில் மணி அடித்தது என்று எழுத ஆசைதான். அடிக்கவில்லை. மூன்றும் ஒரே கூரைக்குக் கீழே போகக் கூடாது என்று உள்ளே ஏதோ முனகியது, உண்மை. ஒரு நாள்தானே, அதுவும் பூஜைக்குத்தானே என்று டப்பாவோடு எடுத்துக் கொடுத்துவிட்டேன். அந்த நிமிஷத்திலாவது, "ஆபீசில் நீங்கள் சந்தனம் வைத்ததெல்லாம் வெறும் டேப், இசக்கி" என்று சொல்லியிருக்க வேண்டும். பூசணிக்காய் நன்றாக இருந்தது.

ஒரு நாளைக்கென்று போன சிடி திரும்பி வரவில்லை, நானும் கேட்கவில்லை. கார்த்திகை மாதம் மண்டபத்துக்காரர் பாட்டுகளைக் கேட்டபோதுதான் பதிவைப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள், எதுவும் ஓடவில்லை. மறுநாள் காலை இசக்கி, செல்லக்கனி, செல்வி மூவரும் என் வீட்டில். செல்வியின் கண்கள் சிவந்திருந்தன. ஹார்ட் டிஸ்கைச் சொருகினேன். உள்ளே டிக் டிக் என்று பல்லி கத்துகிற மாதிரிச் சத்தம்.

"இது எங்கேயாவது விழுந்துதா?"

இசக்கி தரையைப் பார்த்தார். "சாமி படம் கணக்கா நிறுத்தி மாலை போட்டிருந்தேன். மறுநாளு மாலையை எடுக்கையில கூடவே வந்துட்டு. கொஞ்சம் ஒசரம்தான் மேடம், பலகை ஒசரம்."

பலகை உயரம் போதும். பென் டிரைவ் வாயில் சந்தனம் காய்ந்து அடைத்திருந்தது. ஊசியால் எடுத்துச் சொருகினால் அசைவே இல்லை. சந்தனம் கொன்றதா, இத்தனை வருடம் சும்மா கிடந்ததில் அதுவே செத்துப்போயிருந்ததா, கடவுளுக்கே வெளிச்சம். காப்பி வாசனை மட்டும் அப்படியே இருந்தது.

கடைசியாக சிடி. "பளபளன்னு இருக்க பக்கத்தை நான் தொடவே இல்ல மேடம், நீங்க சொல்லியிருக்கியள்லா" என்றார் இசக்கி. உண்மைதான், பளபளப்பான பக்கம் கண்ணாடியாக இருந்தது. பெயர் எழுதிய மேல்பக்கத்தில்தான் ஓரமாகச் சந்தனம் வைத்திருக்கிறார். காய்ந்து ஒட்டிக்கொண்டதைத் தேங்காய் நாரால் பதமாகத் தேய்த்து எடுத்திருக்கிறார். சந்தனத்தோடு உள்ளிருந்த வெள்ளித்தகடும் பொரிந்து வந்துவிட்டது. சிடியில் எழுதியதெல்லாம் அந்த மேல்பக்கத்துக்கு அடியில்தான், ஒரு மெல்லிய பூச்சு கனத்தில், இருக்கிறது. கீழ்ப்பக்கத்துக் கீறலைக்கூட மெருகு போட்டுச் சரிசெய்யலாம், மேல்பக்கம் போனால் போனதுதான். நான் பாதியைச் சொல்லிக் கொடுத்திருந்தேன், அவர் அந்தப் பாதியை அட்சரம் பிசகாமல் காப்பாற்றியிருந்தார்.

அங்கேயே வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வெறும் டேப் கதை, மூலத்தை அழித்த கதை, இத்தனை வருடத்தில் ஒருநாள்கூட இந்தப் பிரதிகளைப் படித்துப் பார்க்காத கதை. ஆபீஸ் சம்பளப் பட்டியலுக்கு வெள்ளிக்கிழமை தோறும் சோதனை, செல்லக்கனியின் குரலுக்கு ஒரு சோதனையும் கிடையாது. எனக்கு வெட்கத்தில் அழுகை வந்துவிட்டது.

இசக்கி பொரிந்த சிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "அத்தனையும் வெறும் டேப்பா?" என்றார்.

"அத்தனையும்."

"பாட்கர் சாருக்குத் தெரியுமா?"

"அவர்தான் குடுக்கச் சொன்னார்."

செல்லக்கனி குலுங்கினாள். அழுகிறாள் என்று பயந்து பார்த்தால், சிரிக்கிறாள். சத்தமில்லாமல், கண்ணில் நீர் வர, புருஷனைக் காட்டிக் காட்டிச் சிரித்தாள். இசக்கியாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. செல்வி மட்டும் சிரிக்கவில்லை.

ஹார்ட் டிஸ்கை லாமிங்டன் ரோடில் மீட்புவேலை செய்கிற ஒருவரிடம் கொண்டுபோனேன். உள்ளே தட்டே கீறிவிட்டது என்று கையை விரித்தார். பழைய கல்யாண வீடியோக்களில் செல்லக்கனியின் குலவையைத் தேடினோம். எல்லாவற்றிலும் கெட்டிமேளம், யார் வாய் எது என்று பிரிக்க முடியவில்லை. மிஞ்சியது பொரிந்த சிடிதான். ஒரு நம்பிக்கை இருந்தது. சிடியில் எழுத்து உள்வட்டத்தில் ஆரம்பித்து வெளியே போகும். சந்தனம் இருந்தது வெளி ஓரத்தில்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆரம்பித்தேன். மெல்லிய பருத்தித் துணியால், நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோட்டில் துடைத்தேன். வட்டமாகத் துடைத்தால் கீறல் எழுத்தின் போக்கிலேயே விழும். சொசைட்டியில் வீடு வீடாகப் போய்ப் பழைய சிடி டிரைவ்களைக் கடன் வாங்கினேன். இத்தனை நாள் என்னைக் கேள்வி கேட்டவர்கள் அன்று கதவைத் திறந்து பரணில் ஏறினார்கள். ஒவ்வொரு டிரைவுக்கும் கண் ஒரு மாதிரி, ஒன்று படிக்காததை இன்னொன்று படிக்கும். நாலில் மூன்று, சிடியை உடனே துப்பிவிட்டன. நாலாவது மூன்றாம் மாடிக்காரரின் பழைய டிரைவ், அதில் குறைந்த வேகத்தை வைத்து ஓட விட்டேன். மாட்டு வண்டி மாதிரி மெதுவாக நகர்ந்தது.

மீன் பேரம் வந்தது. வசவு வந்தது. மகளைச் சாப்பிடக் கூப்பிட்டது வந்தது. செல்வி என் தோளில் சாய்ந்து கேட்டாள். ஆராரோ முழுசாக வந்தது, அதைக் கேட்டு இசக்கி பால்கனிக்குப் போய்விட்டார். பதினான்காவது பதிவில், அந்த நாலு பெண்களைத் திட்டிய வசவு தெளிவாக வந்தது. செல்லக்கனி மூச்சை இழுப்பதும் கேட்டது. அதற்குப் பிறகு கரகரவென்று ஓசை, அப்புறம் ஒன்றுமில்லை. எத்தனையோ முறை திருப்பி ஓட விட்டேன். ஒவ்வொரு முறையும் அவள் மூச்சை இழுத்தாள், குலவை வரவில்லை.

"போட்டும்க்கா" என்று செல்லக்கனி உதட்டை அசைத்து என் கையைத் தட்டிக்கொடுத்தாள். வந்ததையெல்லாம் தன் போனில் ஏற்றித் தரச் சொன்னாள். ஏற்றினேன். இந்த முறை இரண்டு புது ஹார்ட் டிஸ்குகளிலும் ஏற்றி, அங்கேயே ஒவ்வொன்றையும் முழுசாக ஓடவிட்டுக் கேட்ட பிறகுதான் எழுந்தேன். வருடா வருடம் இரண்டையும் ஓட்டிப் பார்ப்பதென்றும் ஏற்பாடு. ஒன்று என்னிடம், ஒன்று காப்பித்தூள் கடையில். பூஜைக்கு யார் கேட்டாலும் காலி டப்பாதான். அதை இசக்கியே சொன்னார்.

கல்யாணம் தாராவியில் ஒரு சின்ன மண்டபத்தில் நடந்தது. நான் முன்வரிசையில் குற்றவாளி மாதிரி உட்கார்ந்திருந்தேன். செல்வி மணமேடையில் தலை குனிந்திருந்தாள். அன்று என் வீட்டுக்கு வந்த அந்த நாலு பெண்களும், இப்போது தலை நரைத்து, மேடைக்குப் பக்கத்தில் நின்றார்கள். ஐயர் தாலியை எடுத்துக் கொடுத்தார். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், பிறகு செல்லக்கனியைப் பார்த்தார்கள். யாரும் வாயைத் திறக்கவில்லை.

செல்லக்கனி பட்டுப்புடவைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு எழுந்தாள். மேளக்காரரைப் பார்த்து ஒரே ஒரு கைதட்டு. மேளம் நின்றது. ஒலிபெருக்கி மைக்கை இழுத்து, போனை அதன் வாயில் வைத்து அழுத்தினாள். மண்டபம் முழுவதும் அவளுடைய பழைய தொண்டை முழங்கியது.

"ஏட்டி, என்னத்தப் பாத்துட்டு நிக்கிய? வாயில கொழுக்கட்டையா வச்சிருக்கிய? போடுங்கட்டி குலவைய!"

அடுத்த கணம் மண்டபமே சிரித்தது. சிரிப்போடு சிரிப்பாக ஒருத்தி நாக்கைச் சுழற்றினாள், இன்னொருத்தி சேர்ந்தாள், பின்வரிசைவரை பரவியது. செல்வி அழுதுகொண்டே சிரித்தாள், மாப்பிள்ளை முடிச்சுப் போட்டார். எனக்குக் குலவையிடத் தெரியாது, அன்று நானும் ஏதோ ஒரு சத்தம் போட்டேன்.

செல்லக்கனிக்குத் திருப்தி இல்லை. சத்தம் போதாது என்று தலையை ஆட்டிவிட்டு, அதே வசவை இன்னொரு தடவை போட்டாள்.